மதினி மேல எனக்கென்ன கோவம்

எட்டு மணிக்கு வரச் சொன்னீங்க. எட்டுக்கெல்லாம் வந்து உக்காந்துட்டேன். நீங்க வந்தது ஒம்பதே கால். பரவாயில்ல, குத்தம் சொல்லல. மழைக்காலத்துல உங்க ஜில்லா ஆபீஸ் இருக்கற போமாவிலேருந்து வர்ற பாதை எந்த லட்சணத்துல கெடக்கும்னு எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா ஒரு ஊருக்கே மணி பாத்துத் தண்ணி தொறந்துவிட்டவ நான். அடுத்தவங்க தாமதம் கண்ணுல பட்டுடுது, வேற ஒண்ணுமில்ல.

எழுதிக்கங்க. பேரு எனெலேசி. ஊரு சிமுவாலா. வயசு நாப்பத்தாறு. ஊர் அடிபம்புக் கமிட்டியோட தலைவி. 'முன்னாள்'னு போடணுமா? போட்டுக்கங்க. சாவியை ஊர்த்தலைவர் வாங்கி வச்சுக்கிட்டு இன்னியோட ஒம்போது நாள் ஆகுது. இந்த ஒம்போது நாள்ல பம்பு மேடையை ஒருத்தியும் ஒழுங்காக் கழுவலயாம். செருப்புக் காலோட ஏறி நிக்கிறாளுகளாம். நான் ஒண்ணும் போய்ப் பாக்கல. எங்க வேலி ஓட்டை வழியாத் தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

மலிட்டா செத்ததுக்கு நான் காரணமான்னு கேக்க வந்திருக்கீங்க. நல்லாக் கேளுங்க. கேட்டாத்தானே பதில் சொல்ல முடியும்? ஊர்ல யாரும் எங்கிட்டக் கேக்கல, அவங்களே முடிவு பண்ணிக்கிட்டாங்க. படிச்சவங்க நீங்களாவது மொறையா விசாரிக்கிறீங்களே, அதுக்கே சந்தோசம்.

மலிட்டா எனக்கு யாருன்னு மொதல்ல எழுதணும். எங்கம்மாவோட கூடப்பொறந்த அண்ணன் மக. எனக்கு மாமன் மக, அவளுக்கு நான் அத்தை மக. அவளுக்கு நான் மதினி, எனக்கு அவ மதினி. உங்க பக்கத்துலயும் இந்த மொறை இருக்கும், இருந்தாலும் பேப்பர்ல ஏறட்டும்னு சொல்றேன். மாமன் மக்களும் அத்தை மக்களும் ஒருத்தரை ஒருத்தர் வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணலாம். திருடின்னு சொல்லலாம், கொரங்குன்னு சொல்லலாம், உன் புருசன் உன்னை என்ன கண்ணை மூடிக்கிட்டா கட்டுனான்னு சந்தையில நின்னு கத்தலாம். நாலு பேரு பாக்கத்தான் பண்ணணும், பாக்கலேன்னா அதுல என்ன ருசி? ஒரே ஒரு நிபந்தனை. கோவம் வரக்கூடாது. எவ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாளோ, அவ ஒரு கோழியைப் புடிச்சுக் கிண்டல் பண்ணவ வீட்டுல கொண்டுபோய் விடணும். கோழி போறது பெருசில்ல. அதைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஊர் நடுவுல நடந்து போறா பாருங்க, அதைவிட உசிரு போகலாம்.

எனக்கு நாப்பத்தாறு வயசு. அந்தக் கோழியை நான் ஒரு தடவைகூடக் குடுத்ததில்ல. இதை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதுங்க. மதினி மேல கோவம் வரக்கூடாதுங்கறது மொறை. எனக்கு வரல. கோவமே இல்லாதவ எதுக்குப் பழி வாங்கணும்? பாத்தா விசாரணை இத்தோட முடிஞ்சுபோச்சு. ஆனா இவ்வளவு தூரம் சேத்துல வந்திருக்கீங்க, ஒரு வாய் டீகூடக் குடிக்கல, அதனால மிச்சத்தையும் சொல்றேன்.

எல்லாரும் அந்த ஆட்டுக் கதையைத்தான் உங்க காதுல ஓதியிருப்பாங்க. டோரிகாதானே? எங்க கமிட்டிச் செயலாளர். அவ வாயில எள்ளுகூட ஊறாது, எல்லாம் வெளிய வந்துடும். அந்தக் கதை எனக்கு ஞாபகம்கூட இல்ல. பம்பு தொறந்துவச்ச அன்னிக்கு நடந்தது. அக்டோபர் பதினாலு, வெயாழக்கெழமை, பகல் பதினொண்ணே கால் இருக்கும். அதுக்கு முன்னால நாங்கெல்லாம் கீழ சதுப்புல இருக்கற ஊத்துலதான் மொண்டு குடிச்சோம். மாடும் அதுலதான் குடிக்கும், தவளையும் அதுலதான் குளிக்கும். கமிட்டிக்குத் தலைவி வேணும்னாங்க. நான்தான் போமாவுல மூணு நாள் பயிற்சிக்குப் போனேன். பம்பைக் கழட்ட, மாட்ட, ரப்பர் வாஷர் மாத்த, வாந்தி பேதி வந்தா என்ன பண்ணணும், எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. சான்றிதழ் குடுத்தாங்க. கண்ணாடி போட்டு வீட்டுல மாட்டியிருக்கேன், வேணா வந்து பாருங்க.

தொறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி வந்தாரு. காப்பிக் கலர் டை. நான் ஏழு பக்கம் பேச்சு எழுதி வச்சிருந்தேன். நம்ம ஊர்ல ஒரு பொம்பள மைக்கு புடிச்சு ஏழு பக்கம் பேசுனது அதுவரைக்கும் கெடையாது. பம்புப் பூட்டோட சாவியையும் ஒரு ஊதலையும் நீலக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டிருந்தேன். எழுந்து மைக்குப் பக்கம் நடக்கறேன். சாவி ஊதல்ல இடிச்சுக் கிளிங் கிளிங்குங்குது. பின்னாலேருந்து மலிட்டா எழுந்தா.

"வெலகுங்க, வெலகுங்க, மணி கட்டுன ஆடு வருது! சோளக்கொல்லையைக் காப்பாத்திக்கங்கடி!"

சொல்லிட்டு ஆடு மாதிரியே கத்துனா. அடித்தொண்டையில ஆரம்பிச்சு, நடுவுல ஒரு நடுக்கம் குடுத்து, மூக்குல கொண்டுபோய் முடிப்பா. அது அவளுக்குத்தான் வரும். எரநூத்து முப்பது பேரு இருந்தாங்க. எரநூத்து முப்பது பேரும் சிரிச்சாங்க. அதிகாரிக்குக் குடிச்ச சோளக்கூழு மூக்கு வழியா வந்து, டையைத் தொடைச்சுக்கிட்டே சிரிச்சாரு. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிச்சேன். யாரை வேணா கேளுங்க. பேச்சுல ஒரு பக்கம் படிச்சேன். மிச்ச ஆறு பக்கத்தையும் கேக்க அங்க காது இல்ல. பரவாயில்லேன்னு மடிச்சு வச்சுட்டேன். இன்னும் அந்தச் சான்றிதழ் கண்ணாடிக்குப் பின்னாலதான் இருக்கு.

அதுக்கப்புறம் பேரு ஒட்டிக்கிச்சு. பள்ளிக்கூடம் விட்டுப் போற வாண்டுக எல்லாம் என்னைக் கண்டா மே மேங்கும். சர்ச்சுல நான் பாட்டுக்கு எழுந்து நின்னா பின்வரிசையில எவளாவது குலுங்குவா. மலிட்டா தெனமும் காலையில ஒண்ணு, மதியம் ஒண்ணு. வாளியோட வரிசையில வந்து நின்னு, அவ முறை வந்ததும் ஒரு தடவை கத்திட்டுத்தான் பம்பை அடிப்பா. தெனம் ரெண்டுன்னா பதினோரு வருஷத்துக்கு எட்டாயிரம். நான் எண்ணல. எட்டாயிரத்து முப்பது வரும்னு நெனைக்கறேன்.

கயித்தைக் கழட்டி வச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. எதுக்குக் கழட்டணும்? கழட்டுனா எனக்கு உறைச்சுடுச்சுன்னு ஆகிடாதா? உறைக்கல. அதனால கழட்டல. தூங்கும்போதும் போட்டிருந்தேன், குளிக்கும்போதும் போட்டிருந்தேன்.

சரி, சட்டத்துக்கு வருவோம். பம்பு காலையில அஞ்சுலேருந்து ஒம்போது வரைக்கும். மதியம் மூணுலேருந்து அஞ்சரை. நடுவுல பூட்டு. வாஷர் தேயக்கூடாதே. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் மேடையைக் கூட்டிக் கழுவற முறை. மலிட்டாவுக்குச் சனிக்கெழமை. முறை தப்புனா முன்னெல்லாம் வெறும் கண்டிப்புதான். இந்த ஜனவரியில கீழூர்ல காலரா வந்துடுச்சு. சுத்தத்துல கண்டிப்பா இருங்கன்னு உங்க சுகாதார ஆளுங்களே வந்து ஒலிபெருக்கியில சொன்னாங்களா இல்லையா? நான் கண்டிப்பா இருந்தேன். முறை தப்புன வீட்டுக்கு மூணு வாரம் பம்புத் தண்ணி கெடையாது. அந்த வீட்டுக்கு எவளாவது தண்ணி குடுத்தா அவளுக்கும் கெடையாது. இதுல கொடுமை எங்க இருக்கு? சுத்தத்துக்காகப் போட்ட சட்டம்.

மொதல்ல மாட்டுனது மலிட்டா. நான் என்ன பண்றது? அந்தச் சனிக்கெழமை அவ ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சாவு வீட்டுக் கேதத்துக்குப் போயிட்டா. கேதத்துக்குப் போனவங்களுக்கு விலக்கு உண்டுன்னு நோட்டுல இருக்கேன்னு டோரிகா சொல்லியிருப்பா. இருக்கு. 'நம்ம ஊர்க் கேதத்துக்கு'ன்னு இருக்கு. நல்லாப் படிச்சுப் பாருங்க. அதுல 'நம்ம ஊர்'ங்கற ரெண்டு வார்த்தை மட்டும் வேற மையில இருக்கேன்னு பாக்கறீங்க. பழைய பேனா தீந்துபோச்சு. எப்ப எழுதினேனா? சனிக்கெழமை சாயங்காலம். மறதியா விட்டுப்போனதைச் சேத்தேன். பதினோரு வருஷம் விட்டுப்போயிருந்தா என்ன, ஒரு நாளைக்கு ஞாபகம் வந்துதானே ஆகணும்?

ஞாயித்துக்கெழமை சர்ச்சு விட்டு, மூணு மணிக்கு வாளியைத் தூக்கிக்கிட்டு வந்தா. பத்து பதினஞ்சு பேரு நின்னாங்க. வழக்கம்போல ஒண்ணு கத்துனா.

"ஏ ஆடே, பட்டியைத் தொற."

"பட்டி உனக்கு மூடியாச்சு மதினி. மூணு வாரம். ஊத்துல போய்க் குடி, அங்கதான் உன் சொந்தக்காரத் தவளையெல்லாம் உன்னைத் தேடிக்கிட்டிருக்கு."

எல்லாரும் சிரிச்சாங்க. மலிட்டாவும் சிரிச்சா. அவளுக்கு அப்ப வெளையாட்டுன்னே தோணியிருக்கும். நான் பூட்டு மேல கையை வச்சுக்கிட்டே நின்னேன். வாளியைக் கீழ வச்சுட்டு என் மூஞ்சியைப் பாத்தா.

"நெசமாவா சொல்றே?"

"சட்டம் மதினி."

"ஓகோ. தவளையோட குடிச்சாலும் குடிப்பேன் தாயி. நீ தொட்டுக் குடுத்தா தண்ணியில ஆட்டு மொச்சை அடிக்கும்."

மறுபடி சிரிப்பு. காலி வாளியைக் கவுத்துத் தலையில தொப்பி மாதிரி போட்டுக்கிட்டு, இடுப்பை ஆட்டி ஆட்டிச் சதுப்புப் பக்கம் எறங்கிப் போனா. அந்த நடையைப் பாத்து இன்னும் சிரிச்சாங்க. தண்டனை கெடைச்சது அவளுக்கு, கைதட்டு கெடைச்சதும் அவளுக்கு. நீங்களே சொல்லுங்க, இதுக்குப் பேரு தண்டனையா?

செவ்வாக்கெழமை டோரிகா வந்தா. வந்து என் பக்கத்துல உக்காந்து, வறுத்த சோளத்தைப் பிச்சு எனக்குப் பாதி குடுத்துட்டு ஆரம்பிச்சா.

"அக்கா, கீழூர்ல இன்னும் ரெண்டு பேரு போயிட்டாங்களாம். அந்த ஊத்துத் தண்ணி வேணாம்க்கா. மலிட்டாவை விட்டுரு."

"நான் புடிச்சா வச்சிருக்கேன்?"

"வெளையாடாதேக்கா. அவ தனியாக் கெடக்கறவ. புருசன் எல்லை தாண்டி ஜோனியில வேலைக்குப் போயிருக்கான். மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. ஒண்ணுன்னா தூக்க ஆளில்ல."

"வந்து ஒழுங்காக் கேக்கச் சொல்லு. தலைவி, தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்தை. ஆட்டுச் சத்தம் இல்லாம."

"உங்களுக்குள்ள அப்படிக் கேக்கற மொறை இல்லையேக்கா. மதினிகிட்ட எவ மன்னிப்பு கேப்பா? கேட்டா ஊரே சிரிக்கும்."

"அப்ப சிரிக்கட்டுமே. பதினோரு வருஷமாச் சிரிச்ச ஊருதானே?"

டோரிகா என்னை ஒரு மாதிரி பாத்தா. "நீ கோவமா இருக்கியாக்கா?"ன்னா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கோவமா இருந்தா நான் கோழி குடுக்கணுமே, எங்கிட்ட ஏது கோழின்னேன். அவளும் சிரிச்சுட்டு எழுந்து போனா. இதையும் எழுதிக்கங்க. கோவம் இல்லேன்னு நான் சொன்னதுக்குச் சாட்சி இருக்கு.

அவ ஒரு தடவை கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை. எனக்கென்ன, சாவியைத் தூக்கி அவ கையிலயே குடுத்திருப்பேன். கேக்கல. தெனமும் காலையில ஊத்துக்குப் போற வழியில என்னைத் தாண்டிப் போவா. தாண்டும்போது கத்திட்டுத்தான் போவா. அந்தத் திமிருதான் அவளைக் கொன்னுச்சு. ஆஸ்பத்திரியில காலரான்னு எழுதிட்டாங்க. எழுதறவங்க எழுதிட்டுப் போறாங்க, அவளைக் கூட வளந்து பாத்தவ நான்.

பத்தாம் நாள், அடுத்த செவ்வாக்கெழமை. முந்தின நாளே மலிட்டாவுக்கு முடியலேன்னு பேச்சு வந்தது. மக தமந்தானி புகுந்த ஊர்லேருந்து ஓடி வந்திருந்தா. பத்தொம்பது வயசு. கட்டிக் குடுத்து ஒரு வருஷம்கூட ஆகல. நல்ல பொண்ணு, அம்மா மாதிரி வாய் கெடையாது. ஊருக்குள்ள அன்னிக்கு ஒரு ஈ காக்கா இல்ல, எல்லாம் சோளக்கொல்லையில களையெடுக்கப் போயிருந்தாங்க. நான் மட்டும் பம்புக்கு எதிர்ல மாமரத்தடியில உக்காந்திருந்தேன். காவல் வேணுமே. பத்தரை மணிக்கு அந்தப் பொண்ணு வாளியோட வந்துச்சு, தண்ணி கேட்டுச்சு. பம்பு பூட்டியிருக்கற நேரம். மூணு மணிக்கு வான்னு சொன்னேன். போயிடுச்சு. நடந்தது அவ்வளவுதான்.

மதியம் மாட்டு வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. ரெண்டு மணிக்கு வழியிலயே முடிஞ்சுபோச்சாம். செய்தி எனக்கு ரெண்டே முக்காலுக்கு வந்துச்சு. மூணு மணிக்கு நான் பம்பைத் தொறந்தேன். ஒரு நிமிசம் முந்தல, பிந்தல. கண்ணீர் விட்டுக்கிட்டேதான் தொறந்தேன். அப்படிப்பட்ட நாள்லகூடக் கடமை தவறலேன்னு ஒருத்தராவது சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க.

மறுநாள் அடக்கம். காலராச் சாவுங்கறதால சுகாதார ஆளுங்க மருந்தடிச்சுப் பையில கட்டித்தான் குடுத்தாங்க. அவ துணிமணியெல்லாம் எரிச்சுட்டாங்க. கூட்டம் கூடாதீங்கன்னாங்க. கூடாம இருக்க இது என்ன பட்டணமா? எல்லாரும் இடுகாட்டு மரத்தடியில தள்ளித் தள்ளி நின்னாங்க. புருசன் ஜோனியிலேருந்து போன்ல அழுதான். எவளோ ஒருத்தி போனைக் குழிப் பக்கம் நீட்டிக்கிட்டு நின்னா. குழி வெட்டுனவங்க மம்பட்டியை ஊனிட்டு ஓரமாப் போனாங்க. அப்ப ஊர்த்தலைவர் என்னைப் பாத்தாரு.

"எனெலேசி, மாமன் மக்க, அத்தை மக்கன்னு அவளுக்கு இந்த ஊர்ல நீ ஒருத்திதான் மிச்சம். மொறையைச் செய்யம்மா."

செத்தவங்களைக் கிண்டல் பண்ணி அனுப்பி வைக்கறதும் எங்க மொறைதானே? மாமன் மகளோ அத்தை மகளோ வந்து, செத்தவ எப்படி நடப்பா, எப்படித் திம்பா, எப்படிச் சண்டை போடுவான்னு நடிச்சுக் காட்டணும். அழுதவங்க சிரிக்கணும். அப்பத்தான் செத்தவளுக்குப் பாரம் கொறையும். நான் மாட்டேன்னு சொன்னா அது மரியாதையா இருக்குமா? எனக்கு வேற அவ மேல எவ்வளவு பிரியம்.

செஞ்சேன். நல்லாவே செஞ்சேன். எங்கிட்டயும் அவகிட்ட இருந்த அதே பூப்போட்ட துணி இருந்துச்சு, சர்ச்சுப் பொம்பளைங்க எல்லாரும் ஒண்ணா எடுத்தது. அதைக் கட்டிக்கிட்டேன். ஒரு வாளியைத் தலையில கவுத்துக்கிட்டேன். இடுப்பை ஆட்டி ஆட்டிக் குழியைச் சுத்தி நடந்தேன். அப்புறம் கத்துனேன். அடித்தொண்டையில ஆரம்பிச்சு, நடுவுல நடுக்கம் குடுத்து, மூக்குல முடிச்சேன். பதினோரு வருஷத்துல அந்தச் சத்தத்தை நான் போட்டது அதுதான் மொதல் தடவை. அச்சு அசலா வந்துச்சு. வீட்டுல எப்பவாவது பழகிப் பாத்தியான்னு கேக்காதீங்க, அது என் சொந்த விசயம். ஊரே கொல்லுன்னு சிரிச்சுது. கண்ணுல தண்ணியோட வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. போன்ல அந்த மனுசன்கூட அழுகைக்கு நடுவுல சிரிச்சுட்டான்.

எனக்கு ஒரு தெம்பு வந்துடுச்சு. ஒரு பக்கம் நின்னு அவ மாதிரி, "ஆடே, தண்ணி குடு"ங்கறேன். எட்டு வச்சு அந்தப் பக்கம் போய் நின்னு, கழுத்துக் கயித்தை ஆட்டிக்கிட்டு, "உனக்குத் தண்ணியா? மூணு மணிக்கு வா. அவசரம்னா ஊத்துக்குப் போ, அங்க தவளை குடுக்கும்"ங்கறேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்தத் தொறப்பு விழாவுல மலிட்டாவுக்குச் சிரிச்சாங்களே, அதைவிட அதிகம். நான் அளந்து பாக்கல, ஆனா அதிகம்தான்.

தமந்தானி எழுந்தா. தலைத்துணி நழுவிக் கெடந்துச்சு, அதைக்கூட எடுக்கல.

"இதையேதான் நேத்து எங்கிட்டயும் சொன்னாங்க"ன்னா.

சிரிப்பு இன்னும் முழுசா நிக்கல.

"ஓ.ஆர்.எஸ். பொடியைக் கையில வச்சுக்கிட்டுப் போய் நின்னேன். நல்ல தண்ணியில கலக்கிக் குடுன்னு அந்தச் சுகாதார வேலை பாக்கற அக்கா குடுத்த பொடி. ஒரு லிட்டர் தண்ணி கேட்டேன். ஒரே ஒரு லிட்டர். கால்ல விழுந்தேன். மூணு மணிக்கு வான்னாங்க. இங்க நடிக்கறாங்களே, இது நடிப்பில்ல. இது நேத்து நடந்தது."

அப்புறம் மத்ததையும் சொன்னா. டோரிகா வீட்டுத் திண்டுல ஒரு குவளைத் தண்ணி இருந்துச்சாம், அதை எடுத்துக்கிட்டாளாம், பத்தலையாம். ஊத்துத் தண்ணியை மொண்டு காய்ச்சப் போனாளாம், வெறகெல்லாம் மழையில நனைஞ்சு கெடந்துச்சாம், ஊதி ஊதிப் பாத்தாளாம். தண்ணி கொதிக்கறதுக்குள்ள அம்மாவுக்குக் கண்ணு சொருகிடுச்சாம். எல்லாத்தையும் ஒரே குரல்ல சொன்னா. கடைசியா என்னைப் பாத்து, "அத்தை, எங்கம்மா உங்களுக்கு மதினி. நான் மதினி இல்ல. எனக்குக் கோவம் வரலாம். வருது"ன்னா.

மொறைப்படி பாத்தா அவ சொன்னது சரி. கிண்டல் அவளுக்கும் எனக்கும் செல்லாது. அதனால தலையிலேருந்த வாளியை எறக்கிக் கீழ வச்சேன். ஊர்த்தலைவர் வந்து கையை நீட்டுனாரு. கயித்தைக் கழட்டிக் குடுத்துட்டேன். அன்னிக்குச் சிரிச்ச எத்தனை பேரு இன்னிக்கு என்னைப் பாத்து மொகத்தைத் திருப்பறாங்க தெரியுமா? நடிச்சவ குத்தவாளின்னா சிரிச்சவங்க யாரு? அவங்களையும் எட்டு மணிக்கு வரச் சொல்லுங்களேன்.

கையெழுத்துப் போடணுமா? போடறேன். அதுக்கு முன்னால அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்ததைப் படிச்சுக் காட்டுனீங்களே, அதுல ஒண்ணு விட்டுப்போயிருக்கு. அது மறந்துடுச்சோ, சொல்லக் கூசுச்சோ தெரியல. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல. அதையும் நானே சொல்லிடறேன்.

அந்தப் பொடி என்னன்னு எனக்குத் தெரியும். மூணு நாள் பயிற்சியில ஒரு நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக் குடுத்தாங்க. எவ்வளவு தண்ணி, எவ்வளவு நேரத்துக்குள்ள, தாமதம் பண்ணா என்ன ஆகும், எல்லாம் தெரியும். பொண்ணு கால்ல விழுந்ததும் எனக்கு மனசு தாங்கல. கயித்தைக் கழுத்திலேருந்து கழட்டிட்டேன். சாவியைக் கையில எடுத்துக்கிட்டு எழுந்தேன். பம்பு பக்கம் நாலு எட்டு நடந்தேன். பொண்ணு வாளியைத் தூக்கிக்கிட்டுக் கூட வந்துச்சு. அப்பத்தான் ஒண்ணு கேட்டேன்.

"உங்கம்மா இன்னிக்கு அந்தச் சத்தம் போட்டாளா?"

அதுக்கு வெளங்கல. "எந்தச் சத்தம் அத்தை?"

"அதான். ஆட்டுச் சத்தம்."

அது என்னையே பாத்துச்சு. அப்புறம் அழுதுக்கிட்டே சொல்லுச்சு. "அம்மாவுக்குக் கொரலே வரல அத்தை. காத்தாலேருந்து வெறும் உதடுதான் அசையுது."

நான் நின்னுட்டேன். கயித்தைத் திரும்பக் கழுத்துல போட்டுக்கிட்டேன். மூணு மணிக்கு வாம்மான்னு சொன்னேன். தன்மையாத்தான் சொன்னேன். அது போனதுக்கப்புறம் மரத்தடியில வந்து உக்காந்தேன். ஊரே அமைதியா இருந்துச்சு. பதினோரு வருஷத்துல அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவிச்சதே இல்ல. அப்படியே சாஞ்சு உக்காந்துட்டேன். மதினி மேல எனக்குக் கோவம் இருந்துச்சான்னு திரும்பத் திரும்பக் கேக்கறீங்களே, நீங்களே சொல்லுங்க. கோவக்காரிக்கு அப்படி ஒரு நிம்மதி வருமா?